ஈடு கட்டிடலாம், தம்பி

மிஸ் வேனில் ஏறும்போது முதலில் கைப்பை உள்ளே வரும். அடுத்து குடை. அதற்கப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு மிஸ் வருவார். வலது கால் செருப்பு மட்டும் சில நாள் வராது. அது கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே கிடக்கும்.

“மிஸ், செருப்பு” என்று பின்சீட்டுப் பிள்ளைகள் கத்துவார்கள்.

மிஸ் குனிந்து பார்ப்பார். தன் காலைப் பார்ப்பது போல இருக்காது, அடுத்தவர் காலைப் பார்ப்பது போல இருக்கும். “அட, எப்ப கழண்டுச்சு இது?” என்பார். நான் இறங்கிப் போய் எடுத்து வந்து கொடுப்பேன். வேன் முழுக்கச் சிரிப்பு. மிஸ்ஸும் சேர்ந்து சிரிப்பார். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அந்த வேனில் இருந்த யாருக்கும் தெரியாது.

என் பிள்ளைகளே, நீங்கள் மிஸ்ஸைப் பார்த்ததில்லை. நான் அப்போது ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாந்தோம், மந்தைவெளிச் சந்துகளில் பிள்ளைகளை ஏற்றி, கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவேன். அங்கே ஒண்ணாங் கிளாஸ் எடுத்தவர்தான் மிஸ். அவர் வீடு சாந்தோமில் என் வழியில் இருந்தது. முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், பின்னால் நடக்கிற வாட்டர் பாட்டில் சண்டை அப்படியே நின்றுவிடும். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை அவருடைய தங்கச்சியைத் தவிர யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவும் தங்கச்சியும் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அந்த வேனுக்கு எல்லாப் பண்டிகையும் வரும். கிருஷ்ண ஜெயந்திச் சீடை வரும், ஆயுத பூஜைப் பொரி வரும், ரம்ஜானுக்கு இர்ஃபான் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சேமியாப் பாயசம் வரும். தீபாவளியில் தொடங்கினால் கிறிஸ்மஸ், நியூ இயர், பொங்கல் என்று முன்சீட்டு ஒரு மிட்டாய்க் கடை மாதிரி இருக்கும். நடுவில் யாருக்காவது பிறந்தநாள். டப்பாவைத் திறந்ததும் முதல் கை மிஸ்ஸிடம்தான் நீளும்.

மிஸ்ஸுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. வேண்டாம் என்று சொல்லத்தான் வராது.

“குழந்தை கைய நீட்டிட்டா மடக்க வைக்கக் கூடாது தம்பி. அதோட மனசு சுருங்கிடும்” என்பார். லட்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். லஸ் சிக்னல் வரைக்கும் கண் திறக்காது. திறந்ததும் அந்த வார்த்தை வரும். “ராத்திரி சாப்பாடு கட். ஈடு கட்டிடலாம்.”

லட்டு தின்றால் ராத்திரிச் சாப்பாடு கட். கேக் தின்றால் மறுநாள் காலையில் வெறும் டீத்தண்ணி. யாராவது வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டால் இரண்டு நாளைக்கு வெள்ளரிக்காய். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. காவ்யா என்று ஒரு பெண், முன்பல் விழுந்தவள், மிஸ்ஸின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள்.

“மிஸ், இன்னிக்கு என்ன கட்?”

“மதியம் கட்.”

“ஈடு கட்டிடலாம்” என்று வேன் முழுக்கக் கோரஸ் போடும். கைதட்டல் வேறு.

சாப்பாட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள், அவருக்கு எல்லாமே அப்படித்தான். முதல் பீரியடில் ஒரு பிள்ளையைத் திட்டிவிட்டால், கடைசி மணி அடிக்கிற வேலையை அந்தப் பிள்ளைக்கே வாங்கிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை தவறினால் செவ்வாய்க்கிழமை போய் முட்டி போடுவார். ஒருநாள் வேனைக் காக்க வைத்துவிட்டால் மறுநாள் எனக்கு முன்னால் கேட்டில் வந்து நிற்பார். ஒரு லீவு நாளில் அவர்கள் வீட்டு மிக்ஸியை ரிப்பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுவாரமே எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் வந்தது.

“எதுக்கு மிஸ் இதெல்லாம்?”

“கடவுள் கையில ஒரு தராசு இருக்கு தம்பி. இந்தத் தட்டுல ஏறினா அந்தத் தட்டுலயும் ஏத்தணும். இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது.”

எனக்கு அது நல்ல குணமாகத்தான் தெரிந்தது. இன்றைக்கும் அதில் பாதிக்கு மேல் நல்ல குணம்தான் என்று சொல்வேன். மீதிப் பாதிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு டிசம்பரில் கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கோல் கொண்டுபோய்ப் போட மாடிக்குப் போனேன். தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளேடால் அக்காவின் ரவிக்கைத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தைக்கும்போதே உள்ளே துணியை நிறைய விட்டுப் பிடிக்கச் சொல்லி டெய்லரிடம் சொல்லிவிடுவார்களாம். தீபாவளிக்கு ஒரு தையலைப் பிரிப்பது, கிறிஸ்மஸுக்கு இன்னொன்று. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மறுபடியும் பிடித்துத் தைத்துக்கொள்வது.

“தவக்காலத்துல தேயுறது, கிறிஸ்மஸ்ல ஊதுறது. நீ என்ன மனுஷியா, சைக்கிள் டியூபா?” என்றார் தங்கச்சி.

மிஸ் அச்சு முறுக்கு மாவு கரைத்துக்கொண்டே சிரித்தார். “சாம்பல் புதன் வரட்டும்டி. அதுலேருந்து நாப்பது நாள் நோன்பு இருக்கு. எல்லாத்துக்கும் சேர்த்து ஈடு கட்டிடறேன்.”

“உடம்புக்குத் தெரியுமா உன் சாம்பல் புதன்? அது தினம்தினம் பார்த்துக்கிட்டுதானே இருக்கு.”

மிஸ் டப்பாவைத் திறந்து, முந்தின நாள் சுட்டதில் ஒரு முறுக்கை எடுத்து எனக்கு நீட்டினார்.

ரத்தம் டெஸ்ட் எடுக்கிற சனிக்கிழமைகளில் மிஸ்ஸை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். டெஸ்டுக்கு நாள் குறித்த உடனே மிஸ் ஆளே மாறிவிடுவார். மூன்று நாளைக்குக் கேழ்வரகுக் கஞ்சி, பாகற்காய்ச் சாறு. வேனில் யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார், வாயில் வைக்கமாட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் இல்லையா, அப்படி. ரிசல்ட் நன்றாக வரும். டாக்டர் பாராட்டி அனுப்புவார். திரும்பி வரும்போது லஸ் பக்கம் ஒரு ஸ்வீட் ஸ்டால் வந்தால், “அங்க ஓரங்கட்டு தம்பி” என்பார்.

“இன்னா மிஸ், இப்பதான டாக்டர்கிட்ட நல்ல பேரு வாங்கிக்கினு வர்றீங்க.”

“‘இன்னா’ இல்ல, ‘என்ன’. உன்னையும் ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வைக்கணும்.”

“சரி மிஸ். என்ன மிஸ் இது?”

“பரிசு” என்று சொல்லிவிட்டு ஜாங்கிரியைப் பிட்டு எனக்கும் பாதி கொடுப்பார்.

அந்தப் பழைய டாக்டர் வயதாகி வீட்டோடு இருந்துவிட்டார். அதே கிளினிக்குக்குப் புதிதாக ஒரு சின்னப் பெண் டாக்டராக வந்தது. அந்தப் பெண் எடுக்கச் சொன்னது வேறு டெஸ்ட். மூன்று மாதமாக உடம்பில் சர்க்கரை எப்படி இருந்தது என்று அதில் தெரிந்துவிடுமாம். அன்றைக்கு மிஸ் வெளியே வரும்போது முகம் இத்தனூண்டு ஆகியிருந்தது.

“ரத்தம் கோள் மூட்டுது தம்பி. மூணு நாள் கஞ்சி குடிச்சேனே, அதைச் சொல்லல. தீபாவளிக்குத் தின்னதை மட்டும் சொல்லிக் குடுத்துடுச்சு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு அவரே சொன்னார்.

“அப்புறம் கண்ண மூடச் சொல்லிட்டு, கால்ல ஒரு தூண்டில் நரம்பு மாதிரி என்னத்தையோ வச்சுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. தொடுறது தெரிஞ்சா சொல்லணுமாம்.”

“தெரிஞ்சுதா மிஸ்?”

“சில இடத்துல தெரிஞ்சுது. சில இடத்துல தொட்டாங்களா இல்லையான்னே தெரியல. நான் எல்லாத்துக்கும் தெரியுது, தெரியுதுன்னு சொல்லிட்டேன். ஏற்கெனவே ஒண்ணுல ஃபெயில். இதுலயும் ஃபெயிலானா இன்னும் திட்டுவாங்க.”

அவருடைய கிளாஸில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் மிஸ் உடனே கண்டுபிடித்துவிடுவார். “புரியலன்னா புரியலன்னு சொல்லு கண்ணா, திட்டமாட்டேன்” என்பார். நானே கேட்டிருக்கிறேன். தனக்கென்று வரும்போது அவருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அல்லது, சொன்னாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

அந்த வருஷ டிசம்பரில் உங்கள் அம்மாவுக்கு ஏழாம் மாதம். பெரியவளே, வயிற்றில் இருந்தது நீதான். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அதனால் எனக்கு ஒரே கவலை. மிஸ்ஸிடம் சொன்னேன். கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டிலிருந்து வந்த தட்டில் எங்களுக்குக் கேக்கும், அம்மாவுக்குத் தனியாக உப்பில்லாத சுண்டலும் இருந்தன.

கிறிஸ்மஸ் முடிந்ததும் மிஸ் போன் செய்தார்.

“தம்பி, இந்த கிறிஸ்மஸ் கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு. கேரல்ஸோட போன வீட்டுல எல்லாம் கேக்கு. பிரிக்கிறதுக்கு ரவிக்கையில இனிமே தையல் இல்ல. நியூ இயர் அன்னிக்குக் காலைல பூசை முடிச்சுட்டு இங்கேருந்து பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்து போறேன். செருப்பில்லாம.”

“அவ்ளோ தூரமா? நான் வேன் எடுத்துக்கினு வர்றேன் மிஸ்.”

“வேன்ல போனா எப்படி ஈடாகும்? ஒரே நடையில ரெண்டு வேலை. என் கேக்கு கரையும். உன் பொண்டாட்டிக்குச் சுகப்பிரசவம் ஆகணும்னு நேர்ந்துக்கிட்டும் இருக்கேன். நீ அங்க வந்து திரும்பக் கூட்டிட்டுப் போனாப் போதும்.”

எங்களுக்காக என்று சொன்ன பிறகு நான் தடுக்கவில்லை. சரி மிஸ் என்றேன்.

புது வருஷத்தன்று காலையில் பெசன்ட் நகரில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். முந்தின நாள் கொண்டாட்டம் முடிந்து ரோடு கிடந்த கிடப்பைச் சொல்ல வேண்டும். வெடித்த பலூன், காகிதத் தொப்பி, ஓரமாகக் கூட்டித் தள்ளிய பாட்டில் துண்டுகள். கூட்டத்துக்கு நடுவே மிஸ் வந்தார். சேலையை இடுப்பில் செருகி, கைப்பையோடும் குடையோடும், செருப்பை ஒரு கேரிபேக்கில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு. சாந்தோமில் கிளம்பி அடையாறு பாலம் தாண்டி அவ்வளவு தூரம் நடந்த முகம் போலவே இல்லை. கல்லும் மணலும் குத்த, கூட நடந்து வந்தவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். மிஸ் மட்டும் சிமெண்டுத் தரையில் நடப்பது போல நேராக வந்தார்.

மெழுகுவத்தி விற்கிற ஒரு அம்மாதான் முதலில் பார்த்தது. “யம்மா, நில்லு. கால்லேர்ந்து ரத்தம் வந்துகினு கீது.”

திரும்பிப் பார்த்தோம். மிஸ் வந்த வழி நெடுக, ஒற்றைக் கால் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

மிஸ் குனிந்து காலைப் பார்த்தார். வேன் படியில் ஏறி நின்று, செருப்பு எங்கே என்று பார்ப்பாரே, அதே பார்வை. “அட” என்றார்.

வேன் படியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, சதைப்பற்றில் ஒரு பச்சைப் பாட்டில் சில்லு ஏறியிருந்தது. இரண்டு விரலால் பிடித்துப் பிடுங்கினேன். மிஸ் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்கலையா மிஸ்?”

“இல்லவே இல்ல தம்பி.” சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “எங்க குத்துச்சுன்னே தெரியல. மாதா என் வலிய வாங்கிக்கிட்டாங்க. நேர்ச்சைய ஏத்துக்கிட்டாங்க.”

மெழுகுவத்தி அம்மா மிஸ்ஸின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அங்கே நின்ற யாராக இருந்தாலும் அதை அற்புதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலுக்கு உணர்ச்சியே போய்விட்டிருந்தது, போய்ப் பல மாதம் ஆகியிருந்தது என்பதை டாக்டர் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டோம்.

“வாங்க மிஸ், ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு போட்டுக்கினு போலாம்” என்றேன்.

“இப்பவா? வேணாம் தம்பி.”

“ஏன்?”

“இப்ப போனா எடை பார்ப்பாங்க, சர்க்கரை பார்ப்பாங்க. கிறிஸ்மஸ் பூரா வெளிய வந்துடும். அந்தப் பொண்ணு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடும். ஒரு வாரம் கஞ்சி குடிச்சு இறக்கிட்டு, அப்புறம் போய்க் காட்டுறேன்.”

வீட்டில் தங்கச்சியும் சண்டை போட்டார். நானும் மறுநாள் போன் செய்தேன், அதற்கு மறுநாளும் செய்தேன். எங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். வலியே இல்லையே, அப்புறம் என்ன அவசரம்? மஞ்சள் அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டார். வேளைக்கு ஒரு தம்ளர் கஞ்சி. பொங்கல் லீவுக்கு முன்னால் பள்ளிக்கூடம் திறந்தபோது, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போல வேனில் ஏறினார்.

அன்றைக்கு இர்ஃபான் மூக்கைப் பிடித்துக்கொண்டான். “அண்ணா, வண்டியில என்னமோ நாத்தம் அடிக்குது.”

எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, சீட்டையெல்லாம் கழற்றி, பினாயில் ஊற்றிக் கழுவினேன். மறுநாள் காலையில் வேன் வாசனையாகத்தான் இருந்தது, மிஸ் வீட்டு வாசல் வரைக்கும். அவர் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கிற சத்தம் கேட்டது. மிஸ் காலைப் பின்னுக்கு இழுத்து, சேலையால் மூடிக்கொண்டார்.

பிள்ளைகள் இறங்கிப் போனபிறகு அவரும் இறங்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். கை நெருப்பாகக் கொதித்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்திலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாரு தம்பி, ரவிக்கை லூசாயிடுச்சு. நாளைக்குப் போய் டாக்டரைப் பார்த்துடலாம்.”

கதவைச் சாத்திவிட்டு வேனை நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டேன். தங்கச்சியையும் போன் போட்டு அங்கே வரச் சொன்னேன்.

கட்டைப் பிரித்த டாக்டர் வயதானவர். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். மிஸ் ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, “சர்க்கரைய இறக்கிட்டு வரலாம்னு இருந்தேன் டாக்டர். இல்லன்னா திட்டுவீங்க” என்றார்.

“திட்டத்தான் செஞ்சிருப்போம். திட்டு வாங்கிட்டுக் காலோட வீட்டுக்குப் போயிருக்கலாமேம்மா.”

சாப்பிடாமல் கிடந்ததால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று மிஸ் நினைத்திருந்தார். அது இறங்கவே இல்லை. புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சலும் சேர்ந்து, சர்க்கரை இன்னும் ஏறித்தான் இருந்தது. மீதிக் காலைக் காப்பாற்ற வேண்டுமானால் பாதத்தின் முன்பாதியை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். பிறகு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனது. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார்கள்.

அந்த அலைச்சல் முடிவதற்குள் நீ பிறந்தாய். உன் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. மிட்டாய் எடுத்துக்கொண்டு போக மனம் வரவில்லை, வெறும் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன்.

“சுகப்பிரசவமா?”

“ஆமாம் மிஸ். பொண்ணு.”

மிஸ் கட்டு போட்ட காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நெடுநாளைக்கப்புறம் அவர் முகம் தெளிந்தது. “அப்ப சரியாப் போச்சு தம்பி. ஈடு கட்டியாச்சு.”

அந்தத் தராசு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தட்டில் என் மகள், இன்னொரு தட்டில் அவர் பாதம். நான் சொன்னேன், “அப்படிச் சொல்லாதீங்க மிஸ். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.” அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. குழந்தைக்கு முடி நிறைய இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள், வேன் பிள்ளைகள் மிஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு டப்பாவோடு தடதடவென்று மாடி ஏறினார்கள். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். இளைத்துத்தான் போயிருந்தார். எந்தத் தவக்காலத்திலும் அவர் அப்படி இளைத்து நான் பார்த்ததில்லை.

காவ்யா முதலில் போய் லட்டை நீட்டினாள். மிஸ்ஸின் கை தானாக மேலே எழுந்தது. தங்கச்சி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது.

“சாப்பிடுங்க மிஸ்” என்றாள் காவ்யா. “ராத்திரி கட் பண்ணிடுங்க.”

“ஈடு கட்டிடலாம்” என்று எல்லாப் பிள்ளைகளும் கோரஸ் போட்டார்கள். கைதட்டினார்கள்.

இர்ஃபான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. “மிஸ், நானும் உங்கள மாதிரியே. இன்னிக்கு எல்லாரும் ஸ்வீட் தருவாங்கன்னு காலைல சாப்பிடல. மதியம் டப்பாவையும் அப்படியே வச்சிட்டேன்.”

மிஸ் அவனைக் கிட்டே இழுத்தார். “காலைலேருந்து ஒண்ணுமே சாப்பிடலையா?”

“கட் மிஸ்.”

மிஸ்ஸின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். பாதம் போனபோதுகூட அவர் அப்படி இருக்கவில்லை. அவனுடைய பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். எலுமிச்சை சாதம். ஆறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுச் சூடாக இரண்டு தோசை வார்க்கச் சொன்னார். பிட்டுப் பிட்டு அவரே ஊட்டிவிட்டார். தட்டு காலியாகிற வரைக்கும் அவனை விடவில்லை.

பிறகு காவ்யாவின் கையிலிருந்த லட்டில் ஒரு பூந்தியை மட்டும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அவள் கையை மூடிவிட்டார். “போதும்டா.”

காவ்யாவுக்கு உதடு பிதுங்கியது. மிஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சமாதானம் செய்ய எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிள்ளைகள் படியிறங்கிப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“எத்தனை வருஷம் பாடம் எடுத்தேன் தம்பி. என்கிட்ட இவங்க இதையா கத்துக்கிட்டாங்க?”

“சின்னப் பசங்க மிஸ். விளையாட்டுக்குச் செய்யுது.”

“நானும் விளையாட்டுன்னுதான் நினைச்சேன். நீ வண்டியில சொல்லு. மிஸ் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லு. பட்டினி கிடந்து எதுக்கும் ஈடு கட்ட முடியாது. சாப்பாட்டு நேரத்துல சாப்பாடு. இனிப்புன்னா ஆசைக்குக் கொஞ்சம், அதோட போதும்னு சொல்லிப் பழகணும். கால்ல குத்தினா அன்னிக்கே காட்டணும், திட்டு விழுந்தாலும் பரவாயில்ல. சொல்லுவியா?”

சொன்னேன். அந்த வாரமே வேனில் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் யாரோ ஜன்னலுக்கு வெளியே மாட்டைக் காட்ட, பேச்சு அதற்குப் போய்விட்டது. எவ்வளவு உள்ளே போயிற்றோ, தெரியாது. மாடி ஏற முடியாததால் மிஸ்ஸும் தங்கச்சியும் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ தரைவீடு பார்த்துப் போனார்கள். கொஞ்ச காலம் போனில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அந்த நம்பர் இல்லை என்று வந்தது. பூட்ஸ் மாதிரி ஒன்று செய்து போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நானும் வேனை விட்டு ஆட்டோவுக்கு வந்துவிட்டேன். வயதானவர்கள் யாராவது ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டால், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் காலை டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். சிலர் முறைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், பெரியவளே, இந்தத் தீபாவளிக்கு நீ இட்லித் தட்டைத் தள்ளி வைத்தது.

“வேணாம் நைனா. சாயந்தரம் அத்தை வீட்ல ஸ்வீட் நிறைய இருக்கும். இப்ப சாப்பிட்டா வெயிட் போட்டுடும். நாளைக்கும் ஃபுல்லா சாப்பிட மாட்டேன். சரியாயிடும்.”

என் கையில் சட்னிக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. “யாரு சொன்னாங்க உனக்கு இப்படி?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. எல்லாரும் அப்படித்தான் நைனா செய்றாங்க” என்றாய்.

ஈடு கட்டுகிற அந்தப் பேச்சை நான் இந்த வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. நீ மிஸ்ஸைப் பார்த்ததும் இல்லை. அது எந்த வழியாக உன்னிடம் வந்து சேர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மிஸ் சொல்லச் சொன்னதைப் பாதிதான் சொல்லி முடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்து கிறிஸ்மஸ் வரும், பொங்கல் வரும். அதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இதைப் படித்த பிறகு அந்தப் பாதத்தை நினைத்து நீ பாரம் சுமக்க வேண்டாம். நீ பிறக்க வேண்டும் என்று அவர் நடந்தார், நாங்கள் யாரும் கேட்காமலே நடந்தார். அதற்கு நீ எந்தத் தட்டிலும் எதையும் ஏற்ற வேண்டாம். அடுத்த பண்டிகைக்கு அத்தை வீட்டுக்குப் போய், பிடித்ததில் ஒன்றைத் தின்றுவிட்டுப் போதும் என்று சொல். அத்தை முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் இன்றைய இட்லியை வைத்திருக்கிறேன், இப்போது சாப்பிடு. ஆறுகிறது.